நீ யாரு, எந்த ஊரு? பேயிடம் கேட்கப்படும் முதல் கேள்வி

கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே பாடுகிறார். எதிரே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பு மெல்ல ஆடத் தொடங்குகிறது. வீட்டார் கற்பூரம் ஏற்றுகிறார்கள். உடுக்கைச் சத்தம் ஏறுகிறது. அப்போது அவர் கேட்கிறார்: 'நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்த? இவளை எங்க வச்சுப் புடிச்ச?' பேய் உடனே பதில் சொல்லாது. அழும், சிரிக்கும், ஏசும், பொய்ப்பெயர் சொல்லும். கடைசியில் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும்.

இந்த விசாரணையில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை: 'நீ இருக்கிறாயா?' படித்தவர்கள் நாமோ பேயைப் பற்றி வாயைத் திறந்தாலே அந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறோம். உண்டு என்று ஓர் அணி, இல்லை என்று ஓர் அணி. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் உடுக்கைக்கு முன்னால் நடப்பதில் முக்கால்வாசி கண்ணில் படாமலே போய்விடும். பேய்க்கு எதற்குப் பெயர்? எதற்கு ஊர், தெரு, பிடித்த சாப்பாடு? ஏன் இவளைப் பிடித்தது, பக்கத்து வீட்டுக்காரியைப் பிடிக்கவில்லை?

பேய், ஆவி எல்லாம் பண்பாட்டுக் கருத்துகள் என்று மானிடவியலாளர்கள் சொல்லும்போது 'எல்லாம் கற்பனை' என்றுதான் பலர் காதில் விழுகிறது. நம் வீட்டுச் சொந்தமுறையை எடுத்துக்கொள்வோம். மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகள் தங்கை முறை. ரத்தக் கணக்கில் பார்த்தால் இருவருமே ஒரே அளவு நெருக்கம். ஆனாலும் ஒருத்தியைக் கேட்டுப் பரிசம் போடுகிறார்கள். இன்னொருத்தியை அப்படி நினைப்பதே பாவம் என்கிறார்கள். இந்த வேறுபாடு யார் உடம்பிலும் இல்லை, ஊரார் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் அறிவில் இருக்கிறது. அதனால் அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அதன்படிதான் வீடும் நிலமும் கைமாறுகின்றன, சண்டையும் வருகிறது. பேயும் அப்படி ஒரு பொதுச்சொத்து. ஒரு தனி மனிதரின் பயமாக மட்டும் அது இருந்திருந்தால் அதற்கு விதிகள் இருந்திருக்காது.

விதிகள் நிறையவே இருக்கின்றன. கறிச்சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோகும்போது அதன் மேல் ஒரு கரித்துண்டை வைக்காமல் என் அப்பத்தா விட்டதே இல்லை. உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்காதே, தலையில் பூவோடு சுடுகாட்டுப் பக்கம் போகாதே, பிள்ளை பெற்றவள் கையில் இரும்பு இருக்கட்டும். இவை எதுவும் அவர் சொந்தமாக நினைத்துச் சொன்னவை அல்ல. பத்து மைல் தள்ளியிருந்த ஊர்க் கிழவியும் இதையேதான் சொல்லியிருப்பார். பேய் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தூக்குப் போட்டுக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர், கொலையுண்டவர், பிரசவத்தில் போனவர். விதித்த ஆயுள் முடியுமுன் செத்ததால் மிச்ச ஆயுளைக் கழிக்க இடமில்லாமல் அலைகிறவர். ஆசை தீராதவர். பேய்க்கு எப்போதும் பசி இருப்பது இதனால்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் ஒட்டிய வயிற்றோடு காளியைச் சுற்றி நின்று சோற்றுக்குத்தான் அழுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன.

சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவி என்பது மூச்சு, உயிர். இட்லிப் பானையிலிருந்து கிளம்புவதும் ஆவிதான். விவிலியத் தமிழில் அதுவே பரிசுத்த ஆவி ஆனது. முனி என்றால் ஓர் எல்லைக்குக் காவல் நிற்பவர், குறுக்கே போனால் அடிப்பவர். காத்து கருப்பு என்று பெயரே இல்லாமல் சொல்வதும் உண்டு; பெயரைச் சொன்னால் வந்துவிடுமே. சங்கப் பாடல்களில் அணங்கு, சூர் என்ற சொற்கள் வருகின்றன. மலை, நீர்த்துறை, மரம், பெண் என எங்கும் தங்கி வருத்தக்கூடிய ஆற்றல் அது. பிற்பாடு வந்த கிறித்தவ மிஷனரிகள் பலர் ஊர்த் தெய்வங்களை எல்லாம் சேர்த்துப் பேய் வழிபாடு என்று எழுதிவைத்தார்கள். அந்த ஒரே கோணியில் எத்தனை வகை உயிர்களைத் திணித்தார்கள் என்பதை இன்றும் நாம் பிரித்தெடுத்து முடிக்கவில்லை.

அணங்கைப் பற்றிப் பேசும்போது வெறியாட்டைத் தாண்டிப் போக முடியாது. முருகன் பேரால் ஆடும் சங்க காலச் சடங்கு அது. பெண் உடல் மெலிகிறாள், சோறு இறங்கவில்லை. தாய் பதறி முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து, இது முருகன் வருத்தம் என்கிறான். ஆட்டுக்குட்டியை வெட்டிப் பலி கொடுத்து ஆடுகிறான். தோழிக்கு மட்டும் உண்மை தெரியும்: அவளை வாட்டுவது மலைநாட்டுக் காதலன். குறுந்தொகை 362-ஆம் பாட்டில் தோழி வேலனிடமே பணிவாக ஒரு சந்தேகம் கேட்கிறாள்: நீ கொடுக்கும் இந்தப் பலியை, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் சேர்ந்து உண்ணுமோ? நற்றிணை 34-இல் இன்னும் ஒரு படி மேலே போய், நோய்க்குத் தான் காரணமில்லை என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே 'மடவை மன்ற வாழிய முருகே' என்கிறாள். கடவுளாகவே இருந்தாலும் நீ அறியாதவன்தான், வாழ்க நீ!

இந்தப் பாடல்களைப் பகுத்தறிவு என்று ஒரு கட்சியும் பக்தி என்று ஒரு கட்சியும் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவற்றில் தெரிவது வேறு. தோழி முருகனை இல்லை என்று சொல்லவில்லை. அணங்கு என்ற கருத்தையும் மறுக்கவில்லை. அணங்கியது யார் என்பதில்தான் அவளுக்கு வழக்கு. ஒரே நோய்க்குத் தாய் ஒரு பெயர் வைக்கிறாள், தோழி ஒரு பெயர் வைக்கிறாள். எந்தப் பெயர் நிற்கிறதோ அதன்படி பெண்ணின் வாழ்க்கை போகும்: முருகன் என்றால் ஓர் ஆட்டுக்குட்டியோடு முடிந்தது, காதலன் என்றால் கல்யாணப் பேச்சு எடுக்க வேண்டும். ஆவி என்ற கருத்து மந்திரச் சடங்கில் செய்யும் வேலை இதுதான். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றுக்கு, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பெயரைத் தேடித் தருவது.

இரண்டாயிரம் ஆண்டு தாண்டி அப்படியே நம் காலத்துக்கு வருவோம். இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டின் வட பகுதியில் செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டும் சடங்குகளை நேரில் பார்த்து 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார். பேய் பிடித்து வந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடித்த பேய்களில் பெரும்பாலானவை காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். பிடித்த இடம் ஊருக்கு வெளியே ஆளில்லாத தரிசு. பிடித்த நேரம் அவள் தனியாக, பயந்துபோயிருந்த நேரம். பேய் போக ஒப்புக்கொண்டதும் தான் குடியிருக்கும் முடிக்கற்றையைக் காட்டும். அதை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார்கள். பெண் ஒரு பெரிய கல்லைச் சுமந்துகொண்டு புளியமரத்துக்கு ஓடுகிறாள். அங்கே கல்லைப் போடுகிறாள். முடியை மரத்தில் ஆணி வைத்து அறைந்து அறுக்கிறார்கள்.

அந்தக் கல் அவள் இறக்கிவைக்க வேண்டிய பாரம் என்று படிக்கலாம், முடி வெட்ட வேண்டிய உறவு என்று படிக்கலாம். நபோகோவின் முடிவு கொஞ்சம் கசப்பானது: ஓட்டப்படுவது காதலன், மீட்கப்படுவது மனைவி. புகுந்த வீட்டில் ஒட்டாமல் நிற்கும் பெண்ணைத் திரும்பவும் மனைவியாக்கி அனுப்பும் சடங்கு அது. பெரும்பகுதி எனக்கு ஒப்புதல்தான். ஆனால் சடங்கு முடியும்வரை நடப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாமியார் முன்னால் குரல் உயர்த்தாத பெண், அந்த இரண்டு மணி நேரம் கத்துகிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள், சாராயமும் கோழியும் கேட்கிறாள், இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறாள். பேசியது பேய் என்பதால் மறுநாள் யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. இப்படி ஒரு வாசல் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு வெளியே வந்திருக்குமா என்று யோசிக்கிறேன். அதே சமயம், அவள் சொன்னது அவள் சொன்னதாகப் பதிவாகவே இல்லை என்பதும் உறுத்துகிறது.

அவள் நடிக்கிறாளா என்று கேட்பவர்கள் உண்டு. வெகு சிலர் நடிக்கலாம். பெரும்பாலோருக்கு அது நடிப்பு அல்ல. குழந்தையிலிருந்து பார்த்துவந்த ஒரு வடிவத்தில் உடம்பு தானாகப் போய் விழுகிறது. ஒப்பாரியில் அழும் பெண்ணின் துக்கம் உண்மை, ஆனால் ராகம் அவள் இட்டது அல்ல. அதைப் போலத்தான் இதுவும்.

இந்த ஆவிகள் ஒரே நிலையில் நிற்பவையும் அல்ல. பேய்க்கும் தெய்வத்துக்கும் நடுவே நாம் நினைப்பதைவிட மெல்லிய வேலிதான் இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்ட நீலி, பழையனூரில் பழிவாங்கும் பேயாக வந்து, அவளுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் தீப்பாயக் காரணமானாள் என்பது கதை. நீலிக் கண்ணீர் என்று இன்றும் சொல்கிறோம். தென்மாவட்டங்களில் அதே கதை இசக்கியோடு கலந்து, கையில் பிள்ளையோடு நிற்கும் அம்மனாகி, வில்லுப்பாட்டும் கொடையும் பெறுகிறது. வட மாவட்டங்களில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரியைக் கும்பிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண் அவள். சோறு, துணி, நினைப்பு கிடைத்தால் தெய்வம். கிடைக்காவிட்டால் பேய். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே பாடிக்கொண்டார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் குழிந்த வயிறும் வெண்பல்லுமாக அவர் வரையும் பேய் வடிவத்தை அவரே விரும்பி ஏற்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

வெள்ளைக்காரரும் இதற்கு விலக்கல்ல. 1809-இல் திருவிதாங்கூர் எல்லை அரணைப் பிடிக்க நடந்த சண்டையில் படுகாயப்பட்டு இறந்த ஓர் ஆங்கில அதிகாரி, திருநெல்வேலிச் சீமையில் ஒரு மணற்காட்டில் புதைக்கப்பட்டார். சில பத்தாண்டுகளில் அந்த வட்டார மக்கள் அவருக்குப் பூசை போடத் தொடங்கினார்கள். படையல் என்ன தெரியுமா? சாராய வகையும் சுருட்டும். 1849-இல் வெளியான நூலில் கால்டுவெல் இதை வியப்போடு பதிவு செய்தார். எனக்கு இதில் வியப்பில்லை. வெளியூரில், சண்டையில், அகாலத்தில் செத்தவர். அவர் பேயாகாமல் வேறு யார் ஆவது? உயிரோடிருந்தபோது அவர் கையில் என்ன பார்த்தார்களோ அதையே படைத்தார்கள். ஆப்பிரிக்காவின் நைஜர் பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1920-களில், ஹௌக்கா என்ற புது ஆவிக் கூட்டம் மக்கள் மேல் இறங்கத் தொடங்கியது. அந்த ஆவிகள் கவர்னர், தளபதி, ரயில் ஓட்டுநர் என்ற பெயர்களோடு வந்தன. அதிகாரம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே ஆவியும் வருகிறது.

மந்திரம் எங்கே வலுவானது என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் மலையாள மாந்திரீகம் என்றால் பயம். யாழ்ப்பாணத்தில் மட்டக்களப்புக்குப் போகிறவரிடம் 'பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்' என்பார்கள். மந்திரவாதி எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். ஏவல், பில்லி, சூனியம் வைப்பவர் ஆவியை வேலையாளாக வைத்திருக்கிறார் என்பது நம்பிக்கை. குட்டிச்சாத்தானுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எஜமானையே முடித்துவிடும் என்பது எல்லோரும் அறிந்த கதை. கூலியும் சோறும் ஒழுங்காகத் தராத பண்ணையாரைப் பற்றிய எச்சரிக்கை போலவே இருக்கிறது அது.

இலங்கையின் தென்பகுதியில் சிங்களவரிடையே உள்ள தொவில் சடங்கு இதை வேறு விதமாகக் கையாளுகிறது. பதினெட்டு சன்னி யக்குகள், அதாவது நோய்ப் பேய்கள், ஒவ்வொன்றும் ஒரு நோய். செவிடுக்கு ஒன்று, ஊமைக்கு ஒன்று, குருட்டுக்கு ஒன்று. இரவு முழுக்க நோயாளியின் முன் முகமூடி போட்டு ஒவ்வொன்றாக வருகின்றன. நள்ளிரவு வரை பயங்கரமாக இருந்தவை, பின்னிரவில் பறை அடிப்பவரோடு பேச்சுக் கொடுத்து உளறுகின்றன, கேலிக்கு ஆளாகின்றன. கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது. நோயாளியும் சிரித்துவிட்டால் நல்ல அறிகுறி. இந்த யக்குகளுக்கு மேலே வெசமுனி என்ற அரசன் உண்டு, அவனுக்கும் மேலே புத்தரின் ஆணை உண்டு. தன்னை ஆட்டிப்படைத்த பயம், கீழ்ப்படிய வேண்டிய ஒரு சிற்றதிகாரி மட்டும்தான் என்று நோயாளியின் கண்முன்னே ஆகிவிடுகிறது. மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983-இல் எழுதிய நூலில் இந்தச் சிரிப்பைத்தான் சிகிச்சையின் நடுமையமாக எடுத்துக்கொண்டார்.

பேய் எந்த மதத்துக்கு உரியது என்றும் கேட்டுப் பார்க்கலாம். மேல்மலையனூர் அங்காளம்மனிடம் அமாவாசைக்குப் போகும் அதே குடும்பம் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கும் போகும், ஏர்வாடி தர்காவுக்கும் போகும். அங்கே சாத்தான் என்பார்கள், இங்கே ஜின் என்பார்கள். தலைமுடி ஆடுவதும் பெயர் கேட்பதும் சத்தியம் வாங்குவதும் பெரும்பாலும் ஒன்றுதான். வேதங்கள் மூன்று, ஆனால் ஊர் ஒன்று.

ஏர்வாடி என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவைச் சுற்றி முளைத்திருந்த காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பேய் ஒரு பண்பாட்டுக் கருத்து என்று எழுதும் யாரும் இந்த 28 பேரை மறந்துவிட்டு எழுதக் கூடாது. கருத்துக்கும் கட்டிவைத்ததற்கும் நடுவே காசு இருந்தது, வைத்தியசாலை இல்லாமை இருந்தது, பாரமாகிப்போன ஒருவரை எங்காவது விட்டுவிட வேண்டும் என்ற குடும்பத்தின் களைப்பும் இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது.

ஏர்வாடித் தீக்கு அடுத்த ஆண்டே, 2002-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கடுமையான மனநோயோடு முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் வந்தபோதும் போகும்போதும் சோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. பேயோட்டமோ தனிச் சடங்கோ அங்கே நடக்கவில்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார், காலையில் எளிய பூசை, பிறகு கோயில் வேலைகள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. இதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது குற்றம். ஆனால் குணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று அது காட்டுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவி பிடித்த நிலைக்குத் தனிக் குறிப்பே உண்டு. தன் சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்கில் சாமியாடுபவரை நோயாளி என்று எழுதக் கூடாது என்கிறது அது. விரும்பாமல் வந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய். இந்த எல்லைக்கோட்டைக் கிராமத்து ஆட்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள்: ஒன்றுக்கு அருள் வருதல் என்றும் இன்னொன்றுக்குப் பேய் பிடித்தல் என்றும் இரண்டு வினைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள். சாமி வரும், பேய் பிடிக்கும்.

தூக்கமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, சாப்பாட்டை விட்டுவிட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கோயிலுக்கும் போகலாம், மருந்தை நிறுத்தாமல். மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் உங்களிடம் வருமுன் அனேகமாக ஒரு கோடாங்கியைப் பார்த்திருக்கும். அங்கே பேய் ஒரு பெயர் சொல்லியிருக்கும். போன வருஷம் மருந்து குடித்துச் செத்த அத்தை மகனோ, கிணற்றில் விழுந்த நாத்தனாரோ, யாரோ ஒருவர். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்து வீட்டார் அதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். முகம் சுளிக்காமல் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.